விலைக்கு வாங்கிய டிவிடியைக் கைபேசியில் பார்க்கும் வழி

டிவிடியைக் கணினியில் இட்டால், 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறையில் படம் பல விஓபி (டிவிடியின் காணொளி வடிவம்) கோப்புகளாகத் துண்டுபட்டுக் கிடப்பதைக் காணலாம். காணொளியை வடிவம் மாற்றும் இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் அக்கோப்புறையைத் திறந்து, மிக நீளமான பகுதியைத் தேர்ந்தெடுத்து (பெரும்பாலும் அதுவே முழுப்படம்), கைபேசியில் ஓடும் எம்பி4 வடிவத்தையும், காணொளியைச் சுருக்கும் எச்.264 குறிமுறையையும் அமைத்து, தர அளவான ஆர்எஃப் எண்ணை 20-க்கு அருகில் வைத்தால் போதும். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், 'டீஇன்டர்லேஸ்' வடிகட்டியை இயக்க வேண்டும். வசன வரிகளை மறந்துவிட்டு மறுபடி மாற்றுவோரே அதிகம். எனவே தொடங்குமுன் அவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

சிக்கல் சட்டத்தில்தான் இருக்கிறது. வணிக டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்னும் மறையாக்கப் பூட்டு உண்டு. ஹேண்ட்பிரேக் தானாக அதைத் திறப்பதில்லை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் (டிஎம்சிஏ), வட்டு உங்களுடையதே ஆனாலும், அப்பூட்டை உடைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. சொந்தப் பயனுக்கு நகலெடுக்கப் பிரிட்டன் 2014-இல் அளித்த விலக்கை, உயர் நீதிமன்றம் அடுத்த ஆண்டே நீக்கியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. பூட்டில்லாத வட்டுகளுக்கு, குறிப்பாக நீங்களே எடுத்த குடும்பப் படங்களுக்கு, இந்தத் தடை எழாது. மாற்றிய கோப்பைப் பிறருக்குப் பகிர்வதோ, வட்டை விற்றபின் நகலை வைத்துக்கொள்வதோ தனிப்பயன் என்ற வாதத்தையே பலவீனமாக்கிவிடும்.