கிரேக்க நடிகை ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி

பலரும் படப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கிரேக்க நடிகைகளுக்கு அது சரிவராது. எல்லி லம்பேத்தி நடித்த படங்கள் பத்தைக்கூட எட்டாது. அவருடைய கலை வாழ்க்கை மேடையில் நடந்தது. படங்களை மட்டும் அடுக்கினால், கிரேக்க நாடகத்தின் பேராளுமை ஒருவர் சிறு நடிகையாகச் சுருங்கிப்போவார். ஆகவே முதலில் மேடை, பிறகு திரை.

அதற்கும் முன்னால் பெயர். குடும்பப் பெயர் பெண்ணுக்கு வேறு ஈறு பெறும்: பக்சினோஸ் என்பவரின் மனைவி பக்சினூ. கதினா பக்சினூவின் பெயர் முதல் கணவர் வழி வந்தது. பிறந்த பெயர் கோன்ஸ்தந்தோபூலூ. இரீனி பப்பாஸ் வெளிநாடுகளில் ஆண்பால் வடிவத்தில் அறியப்பட்டார். கிரேக்கத்தில் அவர் பப்பா, பிறந்தபோது லெலேக்கு. லம்பேத்தியோ மேடைப் பெயர். இயற்பெயர் எலேனி லூக்கு. பிறந்த பெயர், கணவர் வழிப் பெயர், மேடையிலோ வெளிநாட்டிலோ வழங்கிய பெயர் என மூன்று வடிவங்களையும் குறித்துக்கொண்டு தேடுங்கள். ஒன்றை மட்டும் தேடினால் பாதித் தகவல் கைக்கு வராது.

பிறந்த தேதி 1923-க்கு முந்தையது என்றால் நின்று பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 15-க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கி, கிரேக்கம் பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. இரண்டு நூல்களில் தேதி 13 நாள் வித்தியாசப்பட்டால் (1900 மார்ச்சுக்கு முன் என்றால் 12), பிழை என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டும் ஒரே நாளாக இருக்கலாம்.

மேடைப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் நாடகம், பாத்திரம், குழு, அரங்கம், இயக்குநர், முதல் காட்சித் தேதி என ஆறு விவரங்கள் வேண்டும். குழுவும் அரங்கமும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். அங்கே குழுக்கள் பெரும்பாலும் முன்னணி நடிகர்களின் பெயரைத் தாங்கும். லம்பேத்தி–ஹோர்ன் குழு அப்படிப்பட்டது. குளிர்காலத்தில் மூடிய அரங்கிலும் கோடையில் திறந்தவெளியிலும் ஒரே குழு நடிக்கும். குளிர்காலப் பருவம் இரண்டு ஆண்டுகளைத் தொடுவதால் 1955–56 என்றே எழுதுங்கள். ஒற்றை ஆண்டாக எழுதினால் ஒரே தயாரிப்பு பட்டியலில் இருமுறை ஏறிவிடும். தேசிய நாடக அரங்கில் நடித்தவர் என்றால் வேலை எளிது: அதன் இணைய ஆவணக் காப்பகத்தில் நிகழ்ச்சி மலர்களும் படங்களும் விமர்சனங்களும் கிடைக்கின்றன.

படங்களுக்குக் கிரேக்கத் தலைப்பையே முதலில் வையுங்கள். லம்பேத்தி நடித்த, இயக்குநர் ககோயானிஸின் 1957 படத்துக்குக் கிரேக்கத்தில் 'கடைசிப் பொய்' என்று பொருள்படும் பெயர். ஆங்கிலத்திலோ 'எ மேட்டர் ஆஃப் டிக்னிட்டி'. இதைக் கவனிக்காதவர்கள் ஒரு படத்தை இரண்டாக எண்ணுகிறார்கள். விருதுக்குப் படத்தின் ஆண்டு, விழாவின் ஆண்டு இரண்டையும் போடுங்கள்: பக்சினூ ஆஸ்கர் பெற்ற படம் 1943, விழா 1944.

இறுதிக் காலத்தை மருத்துவக் குறிப்பாக்க வேண்டாம். புற்றுநோயால் குரலை இழந்த லம்பேத்தி, 1981-இல் 'சில்ட்ரன் ஆஃப் எ லெசர் காட்' நாடகத்தில் காது கேளாத சாராவாக சைகை மொழியில் நடித்தார். 1983 செப்டம்பர் 3-இல் நியூயார்க்கில் இறந்தார். நோய்க்கு ஒரு வரி போதும். சாராவுக்கு ஒரு பத்தி கொடுங்கள்.