பனந்தும்பும் பிசினும்: வீட்டிலேயே ஒரு கூட்டுப்பொருள் சோதனை

பிசினுக்குள் நாரோ துகளோ கலந்து செய்வது கூட்டுப்பொருள். அப்படிக் கலந்தால் பிசினின் வலிமை எப்படி மாறுகிறது? பதில் காண நம் நெல்லைச் சீமையில் கிடைப்பதே போதும்: பனைமட்டையின் அடியில் எடுக்கும் தும்பு, ஆற்று மணல், ஹார்டுவேர் கடையில் பிசின், கெட்டியாக்கி என இரண்டாக விற்கும் அரால்டைட்.

முதலில் அச்சு. பலகைமேல் 3 மி.மீ. தடிமனுள்ள அட்டைக் கீற்றுகளை ஒட்டி, 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் மூன்று பள்ளங்கள் அமையுங்கள். உள்ளே பார்சல் டேப் ஒட்டினால் பிசின் பிடிக்காது. தடிமனில் கறாராக இருங்கள். இந்தப் பள்ளங்களில் வார்க்கும் பட்டையின் விறைப்பு தடிமனின் முப்படியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது, 3 மி.மீ. 3.3 ஆனாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஒப்பீடு பொய்த்துப்போகும்.

தும்பைச் சோப்பு நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமும் அழுக்கும் இருந்தால் பிசின் நாரைப் பற்றாது. மணலையும் கழுவி, உலர்த்தி, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள்.

கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பிசினையும் கெட்டியாக்கியையும் சம அளவில் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி சேரும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முதல் பள்ளத்தில் வெறும் பிசின், இரண்டாவதில் மணல் கலந்தது, மூன்றாவதில் தும்பை நீளவாக்கில் அடுக்கி மேலே பிசின். மூன்று நாள் பொறுங்கள்.

10 செ.மீ. இடைவெளியில் இரண்டு செங்கல். அவற்றின்மேல் பட்டை, அதன் நடுவில் கயிற்றில் ஒரு வாளி. அரை லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ. ஊற்ற ஊற்றத் தொய்வை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். ஒரு கிலோவில் நிறுத்தி இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள்: பாரம் கூடாமலே தொய்வு கூடும். பிசின் போன்ற பாலிமரின் இந்தக் குணத்தைத் தவழ்வு என்பார்கள். சித்திரை வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

பிறகு பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, உடையும்வரை ஊற்றுங்கள். மணல் பட்டை குறைவாக வளையும், ஆனால் சட்டென்று முறியும். தும்புப் பட்டை விரிசல் விட்டபின்னும் நார்களின் பிடியில் தொங்கும்.

உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். நார்கள் நீளமாக உருவிக்கொண்டு வந்து, பிசினில் வழவழப்பான துளைகள் தெரிந்தால் பிடிப்புப் போதவில்லை. குட்டையாக அறுந்து, மேலே பிசின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பாரம் நாருக்குள் சரியாகப் போயிருக்கிறது. அடுத்து தும்பைக் குறுக்குவாட்டில் அடுக்கி ஒரு பட்டை வாருங்கள். அது வெறும் பிசினைவிடச் சீக்கிரமே உடையக்கூடும்.