டெக்சாஸில் காலேஜ் சேருகிறீர்களா? கோடை ஓரியண்டேஷனுக்கு இப்படித் தயாராகுங்கள்

டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலைப் படிப்பில் சேரப் போகிறவர்களுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் ஓரியண்டேஷன் என்ற அறிமுக நிகழ்ச்சி வைப்பார்கள். கேம்பஸைச் சுற்றிக் காட்டுவார்கள், விளையாட்டு இருக்கும், பாட்டு இருக்கும், எல்லாம் சரி, ஆனால் முதல் செமஸ்டர் வகுப்புகளை நீங்கள் பதிவு செய்யும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அங்கே போகிறீர்கள். மற்றதெல்லாம் உபரி.

1. தேதியை உடனே பிடியுங்கள். மின்னஞ்சல் வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். கடைசி நாட்களில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் காலை எட்டு மணி வகுப்புகள்தான் மிஞ்சும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இதன் பெயர் நியூ ஸ்டூடண்ட் கான்ஃபரன்ஸ். அங்கேயே ஃபிஷ் கேம்ப் என்றும் ஒன்று உண்டு, பாரம்பரியம் சொல்லித்தரும் ஜாலியான முகாம், விருப்பம் இருந்தால் போகலாம், ஆனால் இதற்கு அது ஈடாகாது.

2. ஹோல்டுகளை நீக்குங்கள். ஏதாவது பாக்கி இருந்தால் காலேஜ் போடும் தடைதான் ஹோல்ட், உங்கள் கணக்கில் ஒன்று இருந்தாலும் பதிவு செய்யும் பக்கம் திறக்காது. பலரை மாட்டிவிடுவது மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசி: 22 வயதுக்கு உட்பட்ட புது மாணவர்கள் கடந்த 5 ஆண்டுகளுக்குள், செமஸ்டர் தொடங்க 10 நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சின்ன வயதில் போட்டது போதும் என்று அம்மா சொல்வார், தேதியைப் பாருங்கள்.

3. வகுப்புப் பட்டியலை வீட்டிலேயே எழுதுங்கள். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பட்டப்படிப்பு பெரும்பாலும் 120 கிரெடிட் (பாடங்களின் அளவைச் சொல்லும் புள்ளி), அதை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் செமஸ்டருக்கு 15 வரும், 12க்குக் கீழே போனால் முழுநேர மாணவராகக் கணக்கிட மாட்டார்கள். அந்த 120ல் 42 கிரெடிட் எல்லோருக்கும் பொதுவான கோர் பாடங்கள், அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6 உட்பட. நீங்கள் ஆசைப்பட்ட வகுப்பு நிரம்பிவிட்டால் கைகொடுப்பவை இவைதான், எப்படியும் படித்தே ஆக வேண்டியவை. அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் வெவ்வேறு நேரத்தில் நடக்கும் இரண்டு மூன்று செக்‌ஷன்களின் எண்களையும், கூடவே இரண்டு கோர் பாடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியிலேயே ஏ.பி. என்ற கல்லூரி நிலைத் தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண்ணை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே முடித்த பாடத்துக்கே மறுபடி பணம் கட்டுவீர்கள். கணிதத் தகுதித் தேர்வு கேட்டால் அதையும் முடித்துவிட்டே போங்கள்.

4. பையில் என்ன? லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை. இரவு விடுதியில் தங்கச் சொன்னால் போர்வையும் ஒரு ஸ்வெட்டரும். வெளியே ஜூலை வெயில் கொளுத்தும், உள்ளே ஏசி நடுக்கும்.

5. பதிவு செய்யும் நேரம். முதலில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசரைப் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்கு உங்களைப் போல வரிசையாகப் பல பேர், ஆகவே "என்ன எடுக்கலாம்?" என்று கேட்காமல் பட்டியலை நீட்டி "இதில் ஏதாவது தப்பா?" என்று கேளுங்கள், வேலை நடக்கும். அப்புறம், இடம் குறைவாக உள்ள பாடத்தை முதலில் பதியுங்கள். லேப் வகுப்புகள் சீக்கிரம் போய்விடும்.

6. அப்பா அம்மா. அவர்களுக்குத் தனி நிகழ்ச்சி இருக்கும், பதிவு அறைக்குள் பெரும்பாலும் விட மாட்டார்கள். ஃபெர்ப்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலேஜில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் விவரங்களின் மீதான உரிமை மாணவருக்கே, நீங்கள் அனுமதி தராமல் காலேஜ் பொதுவாக வீட்டுக்குச் சொல்லாது. கட்டணம் கட்டப் போவது அப்பா என்றால் கட்டணக் கணக்கைப் பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், மார்க் சமாச்சாரத்தை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

7. திரும்பி வந்த பிறகு. கிடைக்காத வகுப்பை ஆகஸ்ட் வரை அவ்வப்போது போய்ப் பாருங்கள், யாராவது விலகிக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் மாற்றலாம், ஆனால் செமஸ்டர் வகுப்புகள் தொடங்கி 12ஆவது வகுப்பு நாளுக்குள் மாற்றுங்கள். அதற்குப் பிறகு கைவிடும் பாடம் கணக்கில் ஏறும், முழு இளநிலைப் படிப்புக்கும் மொத்தம் 6தான் அனுமதி.