வயதான நாயின் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைக்காதீர்கள்

போன மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது நாட்டு நாய் ஒன்று வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், தூணோரம் படுத்திருந்தது. அதன் தண்ணீர்ச் சட்டி மாடத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. “ராத்திரி வளவெல்லாம் ஒன்றுக்கு இருந்துவிடுகிறது. அதனால் விளக்கு வைத்த பிறகு தண்ணீர் வைப்பதில்லை” என்றார் அந்த வீட்டு ஆச்சி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

வயதான நாய்க்கு நாம் தெரியாமல் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நாய்க்கு ஆகாத வெங்காயம், சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. நாய் வளர்ப்பவர்கள் அவற்றை அறிவார்கள்.

தண்ணீரைக் குறைப்பது

வயதான நாய் குடிப்பதால் சிறுநீர் கூடுவதில்லை. பெரும்பாலும் சிறுநீர் அதிகமாகப் போவதால்தான் அது குடிக்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் சிறுநீரைச் செறிவாக்க முடியாமல் போகிறது. உடம்பிலிருக்கும் நீர் அப்படியே வடிகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் சட்டியைத் தேடுகிறது. சட்டியை எடுத்துவிட்டால் வடிவது நிற்காது, ஈடுகட்டுவதுதான் நிற்கும்.

என் சிப்பிப்பாறை நாய்க்கு அப்போது பத்து வயது. இரண்டு வாரம் இரவில் சட்டியை எடுத்து வைத்தேன். ஒரு விடியற்காலையில் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் துணி துவைக்கும் கல்லின் ஈரத்தை அது நக்கிக்கொண்டிருந்தது. பிடரித் தோலைப் பிடித்து இழுத்து விட்டேன். தோல் உடனே படியாமல் கூடாரம்போல நின்றது. ஈறு விரலில் பிசினாக ஒட்டியது. இரண்டும் உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 6-க்கு மேல், மிக அதிகமாக இருந்தது. சிறுநீரகத்தின் திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் பெரும்பாலும் அந்த எண் ஏறத் தொடங்கும். தாகம் கூடிய முதல் வாரத்திலேயே அழைத்துப் போயிருந்தால் எங்களுக்கு இன்னும் சில மாதங்களாவது கிடைத்திருக்கும். “வயதாகிவிட்டது, அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அளந்து பாருங்கள். காலையில் லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழியுங்கள். கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி சாதாரணம். நம் ஊர் வெயிலில் கொஞ்சம் கூடும். 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 20 கிலோ நாய் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால், காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்து, இணைசேரும் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தாகம் கூடினால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும். அதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

வளவு நனைந்தால் கழுவிக்கொள்ளலாம். இரவில் ஒரு முறை கூடுதலாக வெளியே அழைத்துப் போங்கள்.

மனிதருக்கான வலி மாத்திரை

கொடுக்கவே கூடாது. ஐபூபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கறியை நிறுத்தித் தயிர்ச்சாதம் மட்டும் போடுவது

வயதானால் கறி செரிக்காது என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். நோயில்லாத முதிய நாய்க்குப் புரதம் குறையக் கூடாது. குறைந்தால் முதலில் வற்றுவது பின்னந்தொடைதான். எடை கூடியிருந்தால் சோற்றைக் குறையுங்கள், முட்டையையும் உப்புப் போடாமல் வேகவைத்த கறியையும் விடாதீர்கள். சிறுநீரக நோய் உறுதியான பிறகு மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் மாற்றுங்கள்.

பற்கள்

வாய் நாறுவது முதுமையல்ல, நோய்.

வழுக்கும் தரை

இந்தப் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பழகப் பழக மெருகேறும். மூட்டு தேய்ந்த நாய்க்கு அதுவே வினை. எழ முயலும்போது பின்னங்கால் இரண்டும் விலகிச் சரியும். இரண்டு முறை விழுந்த நாய் மூன்றாம் முறை எழுவதற்கே பயப்படும், தாகமெடுத்தாலும் படுத்தே கிடக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள். கோணிச் சாக்கை மடித்து, நகராதபடி விரித்து வையுங்கள். படுக்கும் இடத்தில் மட்டும் போட்டால் போதாது, தண்ணீர்ச் சட்டி வரைக்கும் சாக்கு போக வேண்டும்.