வாடைக்காலத்தில் மலைவிடுதி வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்று தொடங்கியதும் திருகோணமலைக் கரையில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிக்காரர்கள் கதிரைகளை உள்ளே அடுக்கிவிடுகிறார்கள். கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு விடுவதும் நின்றுவிடும். சித்திரை வரை கடற்கரையில் பெரிதாக வேலை இருக்காது. மலைநாட்டில் நிலைமை நேர்மாறு. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீள்கிறது. மலைவிடுதிகளுக்கு ஆள் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான். எனவே இங்கே பரிமாறவும் அறை துப்புரவாக்கவும் பழகிய இளைஞர்கள் கண்டி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஹட்டன் பக்கமோ நக்கிள்ஸ் பக்கமோ போகிறார்கள்.

அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். நான் வேலை செய்யும் விடுதி ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லையில், காட்டை ஒட்டி இருக்கிறது. லொறி வரும் பாதை கீழே லயன்களோடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளோடு, முடிந்துவிடும். அதற்கு மேல் அரிசி மூட்டை முதல் காஸ் சிலிண்டர் வரை எல்லாம் தோளில்தான் வரும். புதிதாக வரும் தம்பிமாரைப் பழக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பு நாங்கள் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். குளிருக்கு உடுப்பு கொண்டுபோ, நேரத்துக்கு எழும்பு என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லியனுப்புவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சோறு வேகாவிட்டால் அரிசியைக் குறை சொல்வது

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. ஏறத்தாழ 300 மீற்றர் ஏற ஒரு பாகை குறையும். நுவரெலியா அளவு உயரத்தில், அதாவது 1,870 மீற்றரில், 94 பாகையிலேயே கொதித்துவிடும். பானையில் குமிழி பறக்கும், பருப்பு மட்டும் கல்லாகவே கிடக்கும். உடனே புதியவர் அடுப்பைக் கூட்டுகிறார். தீயைக் கூட்டினால் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது; வேகமாக வற்றும், அடிப்பிடிக்கும், தோளில் சுமந்து வந்த காஸ் வீணாகும். பருப்பை முன்கூட்டியே ஊறவையுங்கள், கடலையை முதல் நாள் இரவே போடுங்கள், மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பிரஷர் குக்கர் இருந்தால் அதுதான் உங்கள் முதல் உதவியாளர். சூரிய உதயம் பார்க்க அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்படும் கூட்டத்துக்கு அரைவேக்காட்டுச் சோற்றைப் பொதியாகக் கட்டிக் கொடுத்தால், வயிற்றுவலி பாதி மலையில்தான் வரும்.

"கிட்டத்தான்" என்று பதில் சொல்வது

இதைப்பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவமும் இதைக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

நிலாவெளியில் ஒரு விருந்தினர் "புறாத்தீவு தூரமா?" என்று கேட்டால் "கிட்டத்தான்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர். கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் படகுக்காரர். விருந்தினரின் மனம் குளிரச் சொல்வதைத்தான் நாங்கள் அங்கே உபசரிப்பாகப் பழகியிருக்கிறோம். மலையில் அவர் தன் கால்களோடு தனியே போகிறார். நீங்கள் சொன்ன ஒரு சொல்லை நம்பி உணவையும் தண்ணீரையும் விளக்கையும் தீர்மானிக்கிறார்.

எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தந்தை, தாய், பதினைந்து வயது மதிக்கத்தக்க மகள். மதியச் சாப்பாடு முடித்து, மேலே தெரியும் பாறை முகட்டுக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்கள். வேலைக்கு வந்து சில நாட்களே ஆன தம்பி, "கிட்டத்தான் ஐயா, ஒரு மணித்தியாலம்தான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. முதல் வாரம் தோட்டத்து இளைஞர்களோடு வெறுங்கையாக ஏறியபோது அவனுக்கு ஒரு மணித்தியாலம்தான் ஆனது. மகளின் காலில் இருந்தது பள்ளிக்கூடத்துச் சப்பாத்து. அதை அவன் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு மூடுபனி இறங்கும் என்பதும் அவனுக்குத் தெரியாது.

ஆறரை மணிக்கு இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுகளை எண்ணும்போதுதான் மூன்று தட்டு மிச்சம் என்று தெரிந்தது. பதிவேட்டைத் திறந்தால் அன்றைய பக்கம் வெறுமையாக இருந்தது. எந்தப் பாதையால் போனார்கள், எப்போது போனார்கள் என்று எழுதப்படவில்லை. லயன்களில் போய்ச் சொன்னதும் ஆறேழு பேர் டோர்ச்சோடு வந்தார்கள். ஒன்பது மணி கடந்த பிறகு, ஓடைக்கு அருகே மூவரையும் கண்டார்கள். தந்தைக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. கைத்தொலைபேசியையே விளக்காகப் பிடித்ததில் அதன் பற்றரி முடிந்துபோயிருந்தது.

மகளைத் தூக்கிவந்தபோது எங்கள் தம்பி, "நடுக்கம் நின்றுவிட்டது, பயமில்லை" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கியது. குளிரில் நனைந்தவருக்கு நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடிக்கொண்டிருக்கிறது. சூடேறாமலே நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். அவளுக்குப் பேச்சு குழறியது. கைகால்களைத் தேய்க்கப் போனவர்களையும் பிராந்தி கொடுக்கச் சொன்னவரையும் தோட்டத்து அம்மா ஒருவர் தடுத்தார். ஈர உடுப்பைக் கழற்றி, தலையைத் துவாயால் சுற்றி, கம்பளிக்குள் தானும் நுழைந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நன்றாக விழுங்க முடிந்த பிறகுதான் சீனி கூட்டிய தேநீர் சிறிது சிறிதாகக் கொடுத்தார். செய்ய வேண்டியது அதுதான். அப்படியும் தெளியாவிட்டால் 1990 அம்பியூலன்சுக்கு அழைக்க வேண்டும். அதற்குக்கூட நோயாளியை முதலில் பாதை முடியும் இடத்துக்கு இறக்க வேண்டியிருக்கும்.

பிள்ளை பிழைத்தாள். ஆனால் தேடப்போனவர்கள் விடியப்புறம்தான் திரும்பினார்கள்; காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போக முடியவில்லை. அன்றைய பேர் அவர்களுக்கு இல்லை. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு சொல்லை யோசிக்காமல் சொன்னவருக்கு ஒரு திட்டு விழுந்தது. விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். என் எரிச்சலுக்குக் காரணம் அதுவே.

தூரத்தைச் சொல்லாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள். உங்கள் நேரத்தையல்ல, அவருடைய நேரத்தை. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். சிவனொளிபாதமலையின் நல்லதண்ணிப் பாதையை எடுங்கள். ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரம், ஆயிரம் மீற்றர் ஏற்றம். கணக்குப்படி மூன்று மணித்தியாலம் வருகிறது. பெரும்பாலானவர்கள் மூன்றிலிருந்து நான்கு மணித்தியாலத்தில்தான் ஏறுகிறார்கள். இது நன்றாக நடப்பவருக்கான கணக்கு. ஈரப்பாறையும் வேரும் நிறைந்த எங்கள் பாதைகளுக்கு நான் இன்னும் பாதியைக் கூட்டிச் சொல்கிறேன். இறக்கத்துக்குப் பாதி நேரம் போதும் என்றும் சொல்லாதீர்கள். முழங்கால் வலி இறங்கும்போதுதான் தொடங்கும்.

டிசம்பரில் ஆறு மணியளவில் சூரியன் மறையும். அரை மணித்தியாலத்துக்குள் முழு இருட்டு. மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே. பருவகாலத்தில் நல்லதண்ணிப் பாதையில் இரவிலும் விளக்கெரியும், தேநீர்க்கடை திறந்திருக்கும். அதைப் பார்த்துவந்தவர்கள் எல்லா மலையும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். ஆகவே புறப்படுபவரிடம், "இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள்" என்று நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். மதியத்துக்குப் பிறகு முகட்டுக்குப் போகக் கேட்டால் "இன்று வேண்டாம், நாளை காலை போங்கள்" என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பதிவேட்டில் பெயர், தொலைபேசி இலக்கம், பாதை, புறப்பட்ட நேரம், திரும்ப வேண்டிய நேரம், மேற்சட்டையின் நிறம் எல்லாம் எழுத வேண்டும். நிறத்தை எழுதச் சொன்னால் புதியவர்கள் வியப்பாகப் பார்க்கிறார்கள். பனிமூட்டத்தில் தேடுகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். போகும்போது அறைச் சாவியை வாங்கிப் பலகையில் மாட்டிவிடுங்கள். ஐந்து மணிக்குப் பலகையில் சாவி தொங்கினால் ஆள் வெளியே இருக்கிறார். இரவுச் சாப்பாட்டுத் தட்டு எண்ணும்வரை காத்திருக்காதீர்கள்.

ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுப் பள்ளத்தைப் பார்க்கப் புறப்படுகிறவரைத் தூங்கவிடுவது

காலை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிடும். அதன்பிறகு ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளமும் வெள்ளைச் சுவர்தான். நேரத்தோடு எழுப்புங்கள்.

கரிச்சட்டியை அறைக்குள் வைப்பது

2,000 மீற்றர் உயரத்தில் கடற்கரையைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று பாகை குளிர் கூடுதலாக இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைத் தாங்கமாட்டாமல், சமையலறையில் மிஞ்சிய தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய் யன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். புகை வரவில்லையே என்று வாதாடுகிறார்கள். எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். இரண்டு கம்பளி கேளுங்கள், சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். தணல் அறைக்குள் வரவே கூடாது. இதில் நான் யாருக்கும் இரண்டாம் தடவை சொல்வதில்லை, மேலாளரிடம் சொல்லிவிடுவேன்.

நனைந்த சப்பாத்தை அடுப்பருகே காயவைப்பது

பசை இளகி அடிப்பாகம் கழன்றுவிடும். கடதாசியைத் திணித்துக் காற்றில் வையுங்கள்.

தலையிடி என்றதும் உயரத்தைக் காரணம் சொல்வது

உயரத்தால் வரும் நோய் பொதுவாகத் தொடங்குவது 2,500 மீற்றருக்கு மேல்; இலங்கையில் மலையேறிகள் போகும் சிகரங்கள் எல்லாம் அதற்குக் கீழே. வந்த விருந்தினருக்குத் தலையிடித்தால் முதலில் தண்ணீர் குடித்தாரா, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள்.

மரைக்குத் தீனி போடுவது

வேண்டாம். பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது.

பீலிக்கு மேலே குளிக்க அனுப்புவது

விருந்தினர் அருவியில் குளிக்க ஆசைப்படுவார்கள். வழி காட்டுவதற்கு முன் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் விடுதிக்கு மேலே ஓடும் ஓடைதான் கீழே பீலியாக, தண்ணீர் பிடிக்கும் குழாயாக, விழுகிறது. லயனில் உள்ளவர்கள் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். ஒரு நாள் காலையில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, பீலியில் சவர்க்கார நுரை வந்தது. எங்கள் ஆள்தான் ஐந்து பேரை மேலே குளிக்க அனுப்பியிருந்தான். கேட்டதற்கு, "அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் அண்ணை" என்றான். சொல்லமாட்டார்கள் என்பது அனுமதி ஆகாது. இரவில் டோர்ச்சோடு வந்து தேடுகிறவர்களும் இவர்கள்தான். குளிக்க வருபவர்களைப் பீலிக்குக் கீழேயுள்ள மடுவுக்கு அனுப்புங்கள், சவர்க்காரத்தை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பொங்கல் லீவைப் பொங்கலுக்கு முதல்நாள் கேட்பது

தைப்பொங்கலோடு பௌர்ணமியோ வார இறுதியோ சேர்ந்தால் விடுதி நிரம்பி வழியும். தோட்டத்து ஊழியர்களுக்கும் அதே பொங்கல்தான். யார் போவது, யார் நிற்பது என்று டிசம்பரிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து திருகோணமலை வந்து சேர ஒரு முழுப் பகல் போய்விடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.