இருபத்தைந்து வரிசைக்கு ஒருமுறை மட்டும் பொருந்திய லாஸ் கோப்புகள்

ஒரே எண்ணெய்க் கிணற்றில் இருமுறை எடுக்கப்பட்ட காமாக் கதிர், அடர்த்தி அளவீடுகளின் லாஸ் கோப்புகளை (கிணற்று அளவீடுகளை ஆழவாரியாகப் பதியும் உரைக் கோப்புகள்) பைத்தான் நிரலில் ஆழத்தைக் கொண்டு இணைத்தபோது, வரிசைகள் ஏறத்தாழ இரட்டிப்பாகி, மதிப்பின்மையைக் குறிக்கும் -999.25 என்ற எண்ணே எங்கும் நிறைந்திருந்தது. அடி, மீட்டர் குழப்பமோ என்று கோப்புகளின் தலைப்புப் பகுதியைப் பார்த்தேன், இரண்டும் மீட்டர்தான். கோப்புகளை மறுபடி வாங்கியும் பயனில்லை. மூன்று நாள்கள் வீணாயின.

பிறகுதான் கவனித்தேன்: சரியாக 25 ஆழங்களுக்கு ஒருமுறை, அதாவது ஒவ்வொரு 3.81 மீட்டரிலும், இரு அளவீடுகளும் ஒரே வரிசையில் இருந்தன. அளவீட்டு இடைவெளி அரை அடி, அதாவது 0.1524 மீட்டர், ஒரு கோப்பு 1000.1524 என்று எழுதிய ஆழத்தை மற்றது 1000.15 என்று சுருக்கியிருந்ததால், தசமங்கள் தற்செயலாக ஒத்துப்போன இடங்களில் மட்டுமே இணைப்பு நிகழ்ந்தது.

-999.25 மதிப்புகளை முதலில் வெற்றிடமாக்கிவிட்டு, அடர்த்தியை முதல் கோப்பின் ஆழங்களுக்கு இடைக்கணித்து (அருகிலுள்ள மதிப்புகளைக் கொண்டு இடைப்பட்ட மதிப்பைக் கணித்து) இணைத்ததும் நிம்மதி கிடைத்தது. இந்த இரு படிகளும் முன்பின்னாக மாறினால், -999.25 அடர்த்தி மதிப்புகளோடு கலந்து கணக்கையே கெடுத்துவிடும்.