வெள்ளைக் கோடெல்லாம் சைக்கிள் தடமல்ல

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வீதி வரையப் புதிதாக இறங்குபவர்களின் திருத்தங்களில் சில பிழைகள் ஓயாமல் வருகின்றன. எழுத்துப் பிழை, ஒட்டாத கோடு போன்றவற்றை வரையும் மென்பொருளே பெரும்பாலும் காட்டிவிடும். அதன் கண்ணில் படாதவற்றைப் பார்ப்போம்.

ஓரத்துண்டைச் சைக்கிள் தடமாக்குதல்

காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கரையோரமாகப் போகும் ஏ4 வீதியைச் செய்மதிப் படத்தில் பாருங்கள். பல இடங்களில் வீதியின் விளிம்புக்குச் சற்று உள்ளே வெள்ளைக் கோடு, அதற்கு வெளியே தாரிட்ட ஒடுங்கிய துண்டு. அதில் சைக்கிளும் ஓடுகிறது. புதியவர் வீட்டிலிருந்தபடியே கல்லாறு முதல் கல்முனை வரை வீதிக்கோட்டை ஒரே இழுவையில் தெரிவுசெய்து ‘சைக்கிள்வே:போத்=லேன்’ என்ற குறிச்சொல்லை, அதாவது இரு பக்கமும் சைக்கிள் தடம் என்று, போட்டுவிடுவார். எத்தனை முறை திருத்தினாலும் வேறொருவர் வந்து மறுபடி போடுவார். உண்மையிலேயே எரிச்சலூட்டும் பிழை இது.

அந்தத் துண்டு வீதியின் ஷோல்டர், அதாவது தோள்பட்டை போன்ற ஓரப்பகுதி. பஸ் ஒதுங்குவதும் முச்சக்கர வண்டி நிற்பதும் அதில்தான். அறுவடைக் காலத்தில் நெல்லும் அங்கேதான் காயும். பாலமோ மதகோ வந்தால் கைப்பிடிச் சுவரோடு துண்டே காணாமல் போய், சைக்கிள்காரர் லொறிக்கு முன்னால் ஏறவேண்டி வரும்.

கெடுதல் வரைபடத்தோடு நிற்பதில்லை. சைக்கிளுக்கு வழி சொல்லும் பிரௌட்டர் போன்ற கருவிகள் தடம் இருக்கும் வீதிக்குச் சலுகை கொடுக்கும். கடற்கரைப் பக்கத்து உள்வீதி அமைதியாகக் கிடக்க, பள்ளிப் பிள்ளையைப் பிரதான வீதிக்குத் தள்ளிவிடும். இன்னொன்றும் உண்டு: தடம் இருப்பதாக வரைபடமே சொன்னால், தடம் கேட்டு மனுக் கொடுப்பவர்கள் எதை வைத்துப் பேசுவார்கள்?

நேரில் போய்ப் பாருங்கள். தரையில் சைக்கிள் சின்னமோ சைக்கிளுக்கான பலகையோ இருந்தால்தான் ‘லேன்’. இரண்டும் இல்லாவிட்டால் ‘ஷோல்டர்=போத்’ போட்டு, அளவு நாடாவால் அகலத்தை மீற்றரில் அளந்து ‘ஷோல்டர்:விட்த்’ சேருங்கள். துண்டு மறையும் இடத்தில் புள்ளியைத் தெரிவுசெய்து வீதிக்கோட்டை வெட்டவேண்டும். வரையும் மென்பொருள்களில் ஐடி திருத்தி என்றால் எக்ஸ் விசை, ஜோஸ்ம் என்றால் பி. வெட்டிய பகுதிக்கு ‘ஷோல்டர்=நோ’. தடம் இல்லை என்று உறுதியானால் ‘சைக்கிள்வே:போத்=நோ’ என்றும் எழுதிவிடுங்கள். வெறுமையாக விட்டால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அடுத்தவர் நினைப்பார்.

இடமும் வலமும்

ஒரு பக்கத்தை மட்டும் குறிக்க ‘போத்’ இருக்கும் இடத்தில் போடும் ‘லெஃப்ட்’, ‘ரைட்’ இரண்டும் கோடு வரையப்பட்ட திசையைப் பொறுத்தவை. ஏ4 மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கி வரையப்பட்டிருந்தால் இடப்புறம் கடற்பக்கம். கல்முனையிலிருந்து வரையப்பட்டிருந்தால் இடப்புறம் வாவிப்பக்கம். நீங்கள் சைக்கிளில் எந்தப் பக்கம் போனீர்கள் என்பது கணக்கில் வராது. குறிச்சொல் போடுமுன் கோட்டைத் தெரிவுசெய்து அம்புக்குறியைப் பாருங்கள். அவசியமில்லாமல் கோட்டைத் திருப்பவும் வேண்டாம், ஒருவழிக் குறியும் சேர்ந்து புரளும்.

தனிக்கோடு

வீதியில் வண்ணக் கோட்டால் மட்டும் பிரித்த சைக்கிள் தடத்துக்குத் தனிக்கோடு வேண்டாம், வீதிக்கோட்டிலேயே குறியுங்கள். கொங்கிறீற் விளிம்போ புல்தரையோ இடையில் இருந்தால் தனியாக வரையலாம். வரைந்தால் ஒவ்வொரு சந்தியிலும் வீதியோடு இணைக்கவேண்டும். இணையாத தடத்துக்குள் எந்தக் கருவியாலும் ஏற முடியாது.

கல்லடியில் ஜிபிஎஸ்

மட்டக்களப்பின் கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தொலைபேசி ஜிபிஎஸ் ஐந்து முதல் பத்து மீற்றர் விலகுவது சாதாரணம். ஒரே பதிவை நம்பி வரைந்தால் பழைய பாலத்தின் விவரம் புதியதில் ஏறிவிடும். செய்மதிப் படம் நகர்ந்திருக்கிறதா என்று பல ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, இரு பாலங்களையும் வெவ்வேறு கோடுகளாக வைத்து, பாலம் என்று சொல்லும் ‘பிரிட்ஜ்=யெஸ்’, மேலடுக்கு என்று சொல்லும் ‘லேயர்=1’ இரண்டையும் இரண்டிலும் போடுங்கள்.

மணல்

உள்வீதிகளுக்கு, தாரா மணலா என்று தரையைச் சொல்லும் ‘சேர்ஃபஸ்’ போடாமல் விடாதீர்கள். சாலைச் சைக்கிள் மணலில் புதையும்.

கூகுள் வரைபடத்தைப் பார்த்து வரைதல்

கூடாது. உரிமம் இடம் கொடுக்காது, அழித்துவிடுவார்கள்.

வரப்போகும் தடம்

கட்டி முடிந்தபின் வரையுங்கள்.